ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

செங்கல்பட்டு
11 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ரூத்துக்கு,

அக்கா மார்கரெட் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்தை விவரமாக எழுது. ‘நலம்’ என்று ஒரு சொல்லில் எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்: “டீச்சர், பல்லு எலும்பா?” வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. மறுநாள் படித்துவிட்டு வந்து சொன்னேன். எலும்பு வீட்டுச் சுவர் மாதிரி. உள்ளே ஒரு கொத்தனார் ஓயாமல் வேலை செய்கிறார், பழசை இடித்துவிட்டுப் புதுசு பூசுகிறார். பல் ஜன்னல் கண்ணாடி மாதிரி. கீறல் விழுந்தால் விழுந்ததுதான். பல் எலும்பில்லை, ஆனால் அது நிற்பது எலும்பில்.

நேற்று அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் உன் மகன். சிறுசேரி ஆபீஸுக்குப் போகும் வண்டியிலிருந்து பெஞ்சமின் போன் செய்தான். “பெரிம்மா, அம்மாவுக்குக் கீழ்ப்பல்லு நோவுது. கேட்டா இல்லேங்குது. ஒரு பக்கமாவே மென்னுகினு கீது. டாக்டராண்ட போலாம்னா கதவ சாத்திகினு பட்த்துக்குது. மருமவ ஷாரோன் சொல்லியும் கேக்கல. நீயாவது சொல்லேன்” என்றான்.

உனக்குப் போனில் சொல்ல முடியாது. ஓட்டல் சலவை மிஷின்களோடு முப்பது வருஷம் இருந்ததில் உன் காது போனது. காதில் வைக்கிற மிஷினோ விசிலடிக்கிறது என்று டப்பாவில் கிடக்கிறது. நேரில் வந்து கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். பல் விஷயம் தெருவுக்கு எதற்கு? அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. கை எலும்பு முறிந்த பிறகு உனக்குக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் போடுகிறாயா? வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. கோயிலில் முதல் மணி அடிக்கும்போது உன் வீட்டுக்காரர், தம்பி மோசஸ், உன்னை எழுப்பி மாத்திரை கொடுத்து, இரண்டாவது மணி வரை எதிரில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார் என்று எழுதியிருந்தாய். அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. இப்போது யார் எழுப்புகிறார்கள்?

பதில் எழுது.

உன் அக்கா,
மார்கரெட்


மாமல்லபுரம்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு ரூத் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

பல் அப்படி ஒன்றும் வலிக்கவில்லை. பெஞ்சமின் எதையும் பெரிதாகச் சொல்வான். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். சாயந்தரம் கடற்கரைப் பக்கம் போய்விட்டு வருகிறேன். கடல் இருக்கிறது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னை யாரும் எழுப்ப வேண்டாம். மணிச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும். போன ஞாயிறுகூட முதல் மணி கேட்டதும் புரண்டு படுத்தேன், இரண்டாவது மணிக்கு எழுந்து அவசரமாகப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பிரசங்கம் நீளம்.

பக்கத்து வீட்டு வேண்டா சொல்கிறாள், “எலும்பு மாத்திர துன்றவங்க பல்லு புடுங்கினா தாடையே அழுவிடுமாம், ரூத்தக்கா. என் நாத்தனாரு செல்போன்ல பாத்துச்சாம்” என்று. அதனால் பல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பின் தெருவில் புதிதாகக் கல் அறுக்கிற பட்டறை வந்திருக்கிறது. மிஷின் சத்தம் எனக்குக் கேட்காது. சுவரில் சாய்ந்தால் பல்லில் தெரியும்.

வேறு விசேஷம் இல்லை.

ரூத்


செங்கல்பட்டு
4 மார்ச் 2025

அன்பு ரூத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நான் சுகம். எண்ணெய் தேய்க்கிறேன்.

வேண்டாவின் நாத்தனார் செல்போனில் பார்த்தது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. இங்கே பேருந்து நிலையம் பக்கத்தில் சிநேகா என்று ஒரு பல் டாக்டர் இருக்கிறாள். என் பல்செட் கடிக்கிறது என்று போனேன். அதைச் சரி பார்த்த பிறகு உன் விஷயத்தைக் கேட்டேன்.

அவள் சொன்னது இது. அந்த மாத்திரை எலும்பு கரைவதைத் தடுக்கிறது. அதாவது நம் கொத்தனாரிடம் இடிக்காதே என்று சொல்கிறது. சுவர் நிற்கும். ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் குழி ஆற வேண்டுமென்றால் அவர் இடிக்கவும் வேண்டும், பூசவும் வேண்டும். சிலருக்கு, வெகு சிலருக்கு, அந்த இடம் ஆறாமல் தங்கிவிடும். அதற்காகப் பல்லைப் பார்க்காமல் விட்டால் சீழ் பிடித்து அதே எலும்பைத்தான் கெடுக்கும். முடிந்தவரை பிடுங்காமல் வேரைச் சுத்தம் செய்து அடைக்கப் பார்ப்பார்களாம். முதலில் வந்து மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும், எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது போட்டது என்று சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

“பயப்படறவங்க தான் லேட்டா வராங்க டீச்சர். லேட்டா வந்தா பயப்படற மாதிரியே ஆயிடுது” என்றாள். நல்ல பெண்.

உனக்கு எதைக் கண்டு பயம் என்று எழுதேன். ஊசியா, வலியா, டாக்டரா? வரிசையாக எழுத வேண்டாம், முதலில் தோன்றுவதை எழுது.

நாளை சாம்பல் புதன். ஈஸ்டர் வரைக்கும் லெந்து நோன்பு நாட்களில் ஜெபத்தில் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

மார்கரெட் அக்கா


மாமல்லபுரம்
20 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

எதைக் கண்டு பயம் என்று கேட்டாய். முதலில் தோன்றியதை எழுதுகிறேன். அவர்கள் வாயை மூடிக்கொண்டு பேசுவார்கள். முகமூடி போட்டால் எனக்கு உதடு தெரியாது. மல்லாக்கப் படுக்க வைத்து, விளக்கை முகத்தில் அடித்து, வாயில் எதையோ விடுவார்கள். என்ன செய்கிறார்கள், எப்போது நிறுத்துவார்கள், ஒன்றும் தெரியாது.

ஊசி போட்டால் மரத்துப்போகும் என்கிறார்கள். எனக்கு ஊசி எதற்கு? எல்லாம் மரத்துத்தான் இருக்கிறது.

லெந்துக்குக் கறி விட்டிருக்கிறேன். முறுக்கு, வேர்க்கடலை, கொய்யாக்காய் எல்லாம் விட்டிருக்கிறேன். கஞ்சியும் ரசஞ்சாதமும்தான். ஷாரோன், “அத்தைக்கு எவ்ளோ பக்தி” என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

ரூத்


செங்கல்பட்டு
27 மார்ச் 2025

அன்பு ரூத்துக்கு,

கறியை விடுவது சரி. கொய்யாக்காயைக் கர்த்தர் எப்போது விடச் சொன்னார்? வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் திங்கட்கிழமை காலை வயிற்றுவலி என்பார்கள். சாயந்தரம் மைதானத்தில் அந்த வயிற்றுவலியைத் தேடினாலும் கிடைக்காது. ஈஸ்டர் வரட்டும், உன் பக்தி மைதானத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறேன். நான் அங்கே வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன்.

உதடு தெரியாதது பற்றி எழுதியது நல்லது. அது நியாயமான பயம். அதற்கு ஒரு வழி யோசிக்கிறேன்.

மரத்துப்போனது பற்றி எழுதியதையும் படித்தேன்.

அக்கா


மாமல்லபுரம்
5 ஏப்ரல் 2025

அக்கா, வா. வரும்போது கடிக்கிற பலகாரம் எதுவும் வாங்கிவர வேண்டாம்.

ரூத்


செங்கல்பட்டு
2 மே 2025

அன்பு ரூத்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக வந்த பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஷாரோன் கட்டிக்கொடுத்த கேக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

உன் வீட்டில் இருந்த ஒரு வாரமும் பேச நினைத்ததைப் பேசவில்லை. உனக்குக் கேட்கும்படி பேசினால் பெஞ்சமினுக்கும் ஷாரோனுக்கும் கேட்கும். அதனால் இங்கே வந்து எழுதுகிறேன்.

ஈஸ்டர் மதியம் உன் தட்டிலிருந்த ஆட்டுக்கறி ஒவ்வொரு துண்டாக மேசைக்குக் கீழே போனதைப் பார்த்தேன். அந்தச் சாம்பல் பூனை உன்னை ஆசீர்வதித்திருக்கும். பெஞ்சமின், “இன்னாம்மா, லெந்து முட்ஞ்சிபோச்சே, இன்னும் இன்னா ரசஞ்சோறு?” என்று கேட்டபோது நீ கேட்காத மாதிரி இருந்தாய். காது கேட்காதவர்களுக்கு அது ஒரு வசதி.

அடுத்த ஞாயிறு காலை நான் விழித்துத்தான் இருந்தேன். முதல் மணி அடித்தது. நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். இரண்டாவது மணி வரை அப்படியே இருந்தாய். ஜன்னலோரம் இருக்கிற நீல நாற்காலியில் துவைத்த துணி மலையாகக் குவிந்திருந்தது. அந்த வாரம் முழுக்க நீ துணி மடித்தாய். அந்த நாற்காலித் துணியை மட்டும் எடுக்கவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. விடை வராத பிள்ளையை நான் எழுப்பி நிற்க வைத்ததில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பல் டாக்டரிடம் போகும் அன்று, மாத்திரை கடைசியாக எப்போது போட்டாய் என்று கேட்பார்கள். அதை வைத்துத்தான் அவர்கள் உன் பல்லையும் தாடையையும் எப்படித் தொடுவது என்று முடிவு செய்வார்கள். என்னிடம் எதுவும் எழுது. அவர்களிடம் உள்ளதைச் சொல்.

இதற்கு நீ உடனே பதில் எழுத வேண்டியதில்லை.

என்றும் அன்புள்ள அக்கா,
மார்கரெட்


மாமல்லபுரம்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. வெயில். உனக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

போன வாரம் இடது தாடை வீங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தது. பெஞ்சமின் லீவு போட்டுவிட்டு இங்கேயே ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் துணியைக் கட்டினார்கள். நாற்காலி தானாகப் பின்னால் சாய்ந்தது. டாக்டர் முகமூடி போட்டிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. ஏதோ கேட்டார். திரும்பக் கேட்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பெஞ்சமின் பின்னாலேயே ஓடிவந்தான்.

கழுத்தில் கட்டினதை அவிழ்க்க மறந்துவிட்டேன். கடைத்தெரு வழியாக அப்படியே நடந்து வந்திருக்கிறேன். வேண்டா பார்த்துவிட்டு, “இன்னா ரூத்தக்கா, பந்தியில பாதியில எழுந்து வண்ட்டியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை.

பெஞ்சமின் திரும்பிப் போய் எழுதி வாங்கிவந்த மருந்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. பல்லைப் பார்க்காமல் விட்டால் திரும்ப வரும் என்று பெஞ்சமினிடம் சொன்னார்களாம்.

அவர் கேட்டது என்னவென்று அப்புறம் பெஞ்சமின் எழுதிக் காட்டினான். நீ சொன்ன அதே கேள்வி.

ரூத்


செங்கல்பட்டு
12 ஜூன் 2025

அன்பு ரூத்துக்கு,

இன்று காலை உன் கடிதம் கிடைத்தது. உடனே சிநேகா டாக்டரைப் போய்ப் பார்த்தேன். இனித் தள்ளிப்போட வேண்டாம், இங்கே வா. இந்த மாதக் கடைசியில் வரச்சொல்லியிருக்கிறாள். நடுவில் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

உன் பயத்தைப் பற்றி அவளிடம் பேசினேன். பேசும்போது முகமூடியை இறக்கிவிட்டு, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள்வாளாம். உதடு தெரியும். உனக்குப் புரிந்த பிறகுதான் முகமூடி. நாற்காலியையும் ரொம்பச் சாய்க்க மாட்டாள்.

அடுத்தது நம் பள்ளிக்கூட வழக்கம். வகுப்பில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை கையைத் தூக்கினால் பாதி வாக்கியத்தில்கூட நிறுத்திவிடுவேன். கை தூக்கினால் டீச்சர் நிற்பாள் என்று தெரிந்த வகுப்பில் யாரும் கத்துவதில்லை. நீ இடது கையைத் தூக்கு. அவள் நிறுத்துவாள். என்ன காரணம் என்று கேட்க மாட்டாள். தண்ணீர் வேண்டுமானாலும் தூக்கலாம், சும்மா நிற்க வேண்டும் என்றாலும் தூக்கலாம். வீட்டில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வா.

நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வர மாட்டேன். நீ அங்கே என்ன சொன்னாலும் அது உனக்கும் டாக்டருக்கும்தான்.

காத்திருக்கிறேன்.

அக்கா


மாமல்லபுரம்
4 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வீக்கம் இல்லை. இன்றைக்கு இடது பக்கம் இட்லி மென்றேன். முழு மதிப்பெண் போடு.

நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். உள்ளே நடந்ததை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சிநேகா டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, “கடைசியா எப்பம்மா போட்டீங்க?” என்று கேட்டாள். உதடு நன்றாகத் தெரிந்தது. ‘போன ஞாயிறு’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கை மேலே போய்விட்டது. வீட்டில் பழகின கை. அவள் சிரித்துக்கொண்டே, “நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலியேம்மா?” என்றாள். சொல்லிவிட்டுக் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதனால் சொன்னேன். போன ஆகஸ்டிலிருந்து போடவில்லை என்று.

அவள் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள். “பல்லுக்குப் பயந்து நிறுத்தினீங்களா? அதனால பல்லுக்கு லாபம் கெடையாதும்மா. அந்த மருந்து எலும்புக்குள்ள வருஷக்கணக்கா நிக்கும். நிறுத்தினா நஷ்டம் இடுப்புக்கும் கைக்கும்தான்” என்றாள். எலும்பு டாக்டரோடு போனில் பேசினாள். பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்கிறேன் என்றாள். அப்புறம்தான் ஊசி போட்டாள். நடுவில் இன்னும் இரண்டு மூன்று தடவை கையைத் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினாள். கடைசித் தடவை காரணமே இல்லை. நிறுத்துகிறாளா என்று பார்க்கத்தான். அடுத்த மாதம் இன்னொரு முறை வந்து முடிக்க வேண்டும்.

அக்கா, பல்லுக்குப் பயந்து நிறுத்தவில்லை. ஆகஸ்டில் எனக்குப் பல் வலியே கிடையாது. நீ கணக்குப் போட்டிருப்பாய்.

பெஞ்சமின் அப்பா அந்த நீல நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொள்வார். நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். முதல் மணியிலிருந்து இரண்டாவது மணி வரை ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். கரண்ட் வேலைக்குப் போன எந்த ஓட்டலில் எந்த ஒயர் எரிந்தது, எந்த மேனேஜர் எப்படித் திட்டினார் என்று. சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார். எனக்கு அது போதும். வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு எல்லாம் ஒழுங்காகக் கேட்டது.

இப்போது மாத்திரையைப் போட்டால் அரை மணி நேரம் படுக்க முடியாது. நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த நாற்காலிதான் எதிரில். படுத்தால் கூரையைப் பார்க்கலாம். அவ்வளவுதான் காரணம். இதை ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பேருந்தில் திரும்பி வரும்போது இடது பாதி உதடும் தாடையும் இன்னும் மரத்துத்தான் இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வலது தாடையில் ஈரம் பட்டது. ஜன்னல் வழியாகத் தூறல் என்று நினைத்தேன். வெளியே வெயில். இடது பக்கம் கையால் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் நனைந்திருந்தது. அடக்கத்தன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை, உனக்குத் தெரியும்.

எலும்பு டாக்டர் மாத்திரையைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டார். அட்டை மேசை மேல் இருக்கிறது. நாளை மறுநாள் ஞாயிறு. இந்த வாரம் முடியாது என்றுதான் நினைக்கிறேன். பெஞ்சமினை எதிரில் உட்காரச் சொல்லலாம். அவனுக்குத் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

ரூத்


செங்கல்பட்டு
8 ஜூலை 2025

அன்பு ரூத்துக்கு,

முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். இட்லிக்கு மட்டுமில்லை.

போன ஞாயிறு போகட்டும். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஒரு வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். இரண்டாவது பெஞ்சில் ஓரத்து இடம் அவளுடையது. பக்கத்துப் பிள்ளைகள் அந்த இடத்தைத் தொடாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பையைக்கூட அங்கே வைக்கவில்லை. நான் கரும்பலகைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு அந்த ஓட்டை ஒன்றுதான் தெரிந்தது. என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. பெஞ்சை வெளியே போடலாமா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒருநாள் கால் வலித்தது. யோசிக்காமல் போய் அந்த இடத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே உட்கார்ந்த பிறகு எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் காலி இடம் தெரியாது. கரும்பலகை தெரியும், ஜன்னல் தெரியும், வெளியே புங்க மரம் தெரியும். அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். வருத்தம் போகவில்லை. ஆனால் பாடம் நடந்தது. அந்த வருஷம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதம் வியாழனோ வெள்ளியோ உனக்குக் கிடைத்துவிடும். சனிக்கிழமையே நாற்காலியில் இருக்கிற துணியை மடித்து அலமாரியில் வைத்துவிடு. ஞாயிறு காலை முதல் மணி அடித்ததும் மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கு. கட்டிலில் உட்காராதே. இரண்டாவது மணி வரைக்கும், தம்பி மோசஸின் நாற்காலியில் நீ உட்கார்ந்து பார்.

அக்கா